பொதுத் தகவலின்மை அலுவலருக்கு

அன்புள்ள தம்பிக்கு,

இந்த மாதக் கடைசித் தேதியில், பிற்பகலில், நான் பணி ஓய்வு பெறுகிறேன். மறுநாள் முற்பகலில் நீ இந்த நாற்காலியில் உட்காருவாய். பீரோ சாவி, ரப்பர் ஸ்டாம்பு, தன்பதிவேடு, மின்விசிறி ஓடவில்லை என்று நான் மேலிடத்துக்கு எழுதிய கடிதங்களின் நகல்கள் எல்லாம் பொறுப்பு ஒப்படைப்புப் பட்டியலில் வந்துவிடும். பட்டியலில் வராத ஒன்றுக்காகத்தான் இந்தக் கடிதம். நாற்காலியோடு ஒட்டிக்கொண்டு உனக்கு இன்னொரு பதவியும் வருகிறது: பொதுத் தகவல் அலுவலர். பெயரைப் பார்த்து மிரளாதே. தீயணைப்பு அலுவலர் தீயை என்ன செய்கிறாரோ, அதையேதான் தகவல் அலுவலர் தகவலைச் செய்ய வேண்டும்.

2005 அக்டோபர் 12 அன்று தகவல் அறியும் உரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது நான் இளநிலை உதவியாளர். அலுவலகமே கலங்கிப் போயிற்று. பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்பை ஒட்டிவிட்டு டீக்கடைக்காரன்கூட டெண்டர் கோப்பைக் கேட்பானாம். எதற்குக் கேட்கிறாய் என்று நாம் திருப்பிக் கேட்கக் கூடாதாம். முப்பது நாளில் பதில் தர வேண்டுமாம்; உயிர், சுதந்திரம் சம்பந்தப்பட்டதென்றால் 48 மணி நேரத்தில். தாமதித்தால் நாளொன்றுக்கு 250 ரூபாய், அதிகபட்சம் 25,000 ரூபாய், நம் சொந்தக் காசில். பலர் ‘மெடிக்கல் லீவ்’ யோசனையில் இருந்தார்கள். எங்கள் கண்காணிப்பாளர் மட்டும் அசையவில்லை. “சட்டம்தானே வந்திருக்கிறது, வெள்ளமா வந்திருக்கிறது?” என்று சொல்லிவிட்டு வெற்றிலையை மடித்தார். அந்த மகானின் சீடன் நான்.

இந்தத் தொல்லை கிளம்பியது ராஜஸ்தானில். சென்னையில் பிறந்து, ஐ.ஏ.எஸ். வேலையை உதறிவிட்டுப் போன அருணா ராய் என்ற அம்மையார், கூட்டாளிகளோடு ஒரு குக்கிராமத்தில் குடியேறி 1990-ல் மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் என்ற அமைப்பைத் தொடங்கினார். மண் வெட்டப் போன சனத்துக்குச் சட்டப்படியான கூலி கிடைக்கவில்லை. கேட்டால், நீ அவ்வளவு வேலை செய்யவில்லை என்று ரெக்கார்டு சொல்கிறது என்றார்கள். அப்படியானால் அந்த ரெக்கார்டைக் காட்டு என்றது சனம். எவ்வளவு திமிர் பார். மஸ்டர் ரோலை வாங்கி ஊர் நடுவே உரக்கப் படித்தால், செத்துப்போனவர்கள்கூட மண் சுமந்து கூலி வாங்கியிருந்தார்கள். 1996-ல் பியாவர் நகரத்தில் நாற்பது நாள் தர்ணா. ‘எங்கள் பணம், எங்கள் கணக்கு’ என்று கோஷம். எழுத்தறியாத கூலிக்காரர்கள் எழுதிய சட்டம் தம்பி இது. நம்மைப் போல் தேர்வெழுதி வந்தவர்களுக்கு எப்படி ஒத்துவரும்?

நம் மாநிலம் இந்த விஷயத்தில் நாகரிகமாக நடந்துகொண்டது. இந்தியாவிலேயே முதன்முதலில், 1997-ல், தகவல் உரிமைச் சட்டம் போட்டது தமிழ்நாடுதான். மார்தட்டிக்கொள்ளலாம். கூடவே இருபதுக்கும் மேற்பட்ட விதிவிலக்குகளையும் வைத்தார்கள். வாசலைத் திறந்து வைத்துவிட்டு, அதில் இருபது பேரை நிற்கவும் வைத்தாயிற்று. 2005-ல் டெல்லிச் சட்டம் வந்த பிறகும் நம் கைவண்ணம் போய்விடவில்லை. எந்தெந்த அமைப்புகளுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்று மாநில அரசு அறிவிக்கலாம் என ஒரு பிரிவு இருக்கிறது. உளவுத் துறை, பாதுகாப்பு அமைப்புகளுக்காக எழுதியது. 2008-ல் நாம் அந்தக் குடைக்குள் யாரைக் கொண்டுபோய் நிறுத்தினோம் தெரியுமா? ஊழல் தடுப்பு மற்றும் கண்காணிப்பு இயக்குநரகத்தை. ஊழலைப் பிடிக்கிற இடத்தில் என்ன நடக்கிறது என்று ஊழலுக்குக் காசு கொடுத்தவன் கேட்கக் கூடாது. ஊழல் குற்றச்சாட்டு பற்றிய தகவலுக்கு விலக்கு கிடையாது என்று சட்டத்திலேயே ஒரு வரி இருக்கிறது. அந்த வரியைப் படிப்பதற்கு மனுதாரர் மேல்முறையீட்டுக்கு மேல்முறையீடாக நடக்கட்டும். நடப்பது உடம்புக்கு நல்லது.

இனி தொழில். மனு வந்ததும் ‘ஏன்’ என்ற சொல் இருக்கிறதா என்று தேடு. இருந்தால் உனக்கு அன்று தீபாவளி. ‘எங்கள் தெருவில் போட்ட சாலை மூன்று மாதத்தில் ஏன் பெயர்ந்தது?’ என்று கேட்டிருப்பான். ‘தாங்கள் கோரியிருப்பது கேள்வி வடிவில் உள்ளது, சட்டப்பிரிவு 2-இன்படி இது தகவல் என்ற வரையறைக்குள் வராது’ என்று எழுது. கேட்கிறவன் கேள்வி கேட்கக் கூடாது. இதுதான் நம் தொழிலின் ஆணிவேர். அவன் கெட்டிக்காரனாக இருந்து கேள்விக்குறியை எடுத்துவிட்டு, ‘அளவுப் புத்தகத்தின் நகல் வேண்டும்’ என்று கேட்டால், ஐந்து நாளுக்குள் பக்கத்து அலுவலகத்துக்கு மாற்றிவிடு, பிரிவு 6(3). அங்கிருப்பவரும் நம் ஆள்தான். அவர் வட்டாரத்துக்கு, வட்டாரம் கோட்டத்துக்கு. சுற்றி நம்மிடமே திரும்பி வரும்போது மனுதாரருக்குப் பேரன் பிறந்திருப்பான். அதற்குள் சாலையும் மறுபடி போட்டாயிற்று, மறுபடி பெயர்ந்துமாயிற்று. அவன் கேட்ட அளவுப் புத்தகம் இப்போது பழைய ரெக்கார்டு. அதற்குத் தனி மனு.

அதையும் தாண்டி வருகிறவனுக்கு, ‘தகவல் மிகுதியாக உள்ளதால் அலுவலக நேரத்தில் நேரில் வந்து பார்வையிடலாம்’ என்று எழுது. வருகிற அன்று நீ மீட்டிங்கில் இரு. மீட்டிங் இல்லாவிட்டால் கேம்ப். வந்த ஆள் எங்கே வேலை பார்க்கிறார், யார் அனுப்பியது, வீட்டில் எத்தனை பேர் என்று நம் பியூன் அன்போடு விசாரிப்பார். கேட்பவர் தன் பெயர், முகவரிக்கு மேல் எதுவும் சொல்லத் தேவையில்லை என்று சட்டம் சொல்கிறது. பியூன் சட்டம் படிக்கவில்லை, பாவம்.

இதெல்லாம் நம் மட்டத்துச் சில்லறை வித்தை. செய்தித்தாளை நான் அலுவலக நேரத்தில்தான் படிப்பேன், வேறு நேரம் ஏது? அதில் கண்ட மேல்மட்டத்து வித்வான்களின் கச்சேரியைச் சொல்கிறேன், கேள்.

2020-ல், கொரோனாக் காலத்தில், ஆரோக்கிய சேது என்ற செயலியைக் கோடிக்கணக்கான செல்பேசிகளில் ஏற்றினார்கள். வேலைக்குப் போக வேண்டுமா, அது இருக்க வேண்டும். நீ எங்கே போகிறாய், யார் பக்கத்தில் நிற்கிறாய் என்பதெல்லாம் அதற்குத் தெரியும். இதைச் செய்தவர் யார் என்று ஒருவர் மனுப் போட்டார். தளத்தில் பெயர் போட்டிருந்த தேசியத் தகவல் மையமே, அது தொடர்பான கோப்பு எங்களிடம் இல்லை என்றது. மத்தியத் தகவல் ஆணையம் வாயடைத்துப்போய் விளக்கம் கேட்டது. யோசித்துப் பார்: நாட்டில் ஒவ்வொருவரும் யாரைத் தொட்டார்கள் என்று தெரிந்த செயலிக்குத் தன்னைப் பெற்றது யார் என்று தெரியவில்லை. நான் எழுந்து நின்று கும்பிட்டேன்.

அதே ஆண்டு மார்ச் கடைசியில் பி.எம். கேர்ஸ் நிதி. பிரதமர் தலைவர். உள்துறை, பாதுகாப்பு, நிதி அமைச்சர்கள் அறங்காவலர்கள். முகவரி அரசாங்க இணையதளம், தலையில் சிங்க முத்திரை. பொதுத்துறை நிறுவனங்கள் கொட்டிக் கொடுத்தன. முதல் சில நாள்களிலேயே, மார்ச் 31-க்குள், 3,076 கோடி ரூபாய் சேர்ந்தது. கணக்குக் கேட்டால்? இது ‘பொது அதிகார அமைப்பு’ அல்ல, தகவல் சட்டம் பொருந்தாது என்று பிரதமர் அலுவலகம் சொல்லிவிட்டது. இது இந்திய அரசின் நிதியே அல்ல என்று டெல்லி உயர் நீதிமன்றத்தில் பிரமாணப் பத்திரமும் தாக்கலாயிற்று. வாங்கும்போது அரசாங்கம், கணக்குக் கேட்கும்போது தனியார். சிங்கம் மட்டும் பாவம், எந்தப் பக்கம் பார்ப்பதென்று தெரியாமல் நான்கு பக்கமும் பார்த்துக்கொண்டிருக்கிறது.

ஆனால் என் ஆசான் பாரத ஸ்டேட் வங்கிதான். தேர்தல் பத்திரம் தெரியுமல்லவா? 2018 முதல் ஆறு ஆண்டு, எந்த முதலாளி எந்தக் கட்சிக்குப் பணம் கொடுத்தார் என்று வாக்காளனைத் தவிர எல்லோரும் தெரிந்துகொள்ள வாய்ப்புள்ள ஏற்பாடு. கட்சிப் பணம் எங்கிருந்து வருகிறது என்று எல்லாவற்றையும் அறியும் பொது உரிமை குடிமக்களுக்குக் கிடையாது என்று அரசின் தலைமை வழக்கறிஞர் உச்ச நீதிமன்றத்தில் எழுத்து மூலமாகவே சொன்னார். 2024 பிப்ரவரி 15 அன்று ஐந்து நீதிபதிகள் அந்தத் திட்டத்தையே செல்லாது என்றார்கள். வாக்காளரின் அறியும் உரிமைக்கு விரோதம் என்றார்கள். மார்ச் 6-க்குள் விவரம் கொடு என்றார்கள். வங்கி என்ன கேட்டது? ஜூன் 30 வரை அவகாசம். நடுவில் ஒரு நாடாளுமன்றத் தேர்தல் இருந்தது, அது தற்செயல். வாங்கியவர் விவரம் ஓரிடம், வாங்கிக்கொண்ட கட்சி விவரம் வேறிடம், இருபத்திரண்டாயிரத்துச் சொச்சம் பத்திரங்களை ஒப்பிட வேண்டுமாம். உன் கணக்கில் பத்து ரூபாய் பிடித்தால்கூட நள்ளிரவில் குறுஞ்செய்தி அனுப்புகிற கணினி, கோடி ரூபாய்ப் பத்திரத்தைக் கண்டால் மட்டும் ஓலைச்சுவடி ஆகிவிடுகிறது. நீதிமன்றம் மார்ச் 11 அன்று, நாளை மாலைக்குள் கொடு என்றது. மறுநாளே கொடுத்துவிட்டார்கள்! மூன்றரை மாத வேலை ஒரே நாளில். அப்போதும் பத்திர எண்களை விட்டுவிட்டுக் கொடுத்தார்கள். இன்னொரு உத்தரவு போட்டுத்தான் அதையும் பிடுங்க வேண்டியிருந்தது. பணிவு என்றால் இதுதான் தம்பி.

வெளிவந்ததைப் பார்த்தாயா? பா.ஜ.க.வுக்கு ஆறாயிரம் கோடிக்கு மேல். நம்மூர்க்காரர்களும் சளைத்தவர்கள் அல்ல. எல்லோரையும்விட அதிகமாக, 1,368 கோடிக்குப் பத்திரம் வாங்கியது கோவை லாட்டரி வியாபாரியின் நிறுவனம். அதில் 509 கோடி தி.மு.க.வுக்கு. தமிழ்நாட்டில் 2003 முதல் லாட்டரிக்குத் தடை. பரிசு விழுவதற்கு மட்டும் தடையில்லை போலிருக்கிறது.

கட்சிகள் ஒன்றோடொன்று அடித்துக்கொள்வதைப் பார்த்து நம்பிக்கை இழக்காதே. நம் தொழில் என்று வந்துவிட்டால் ஒற்றுமை உண்டு. 2013 ஜூன் 3 அன்று ஆறு தேசியக் கட்சிகளும் தகவல் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவை என்று மத்தியத் தகவல் ஆணையம் உத்தரவிட்டது. காங்கிரஸ், பா.ஜ.க., இரண்டு கம்யூனிஸ்டுகள், பகுஜன் சமாஜ், தேசியவாத காங்கிரஸ். பாபர் மசூதியிலும் அணுசக்தி ஒப்பந்தத்திலும் ஒத்துப்போகாதவர்கள் இதில் ஒரே குரலில் முடியாது என்றார்கள். ஒருவர்கூடக் கட்டுப்படவில்லை. புரட்சியும் ராமராஜ்யமும் ஒரே பீரோவில் பூட்டிக் கிடக்கின்றன.

நீதிமன்றமும் சும்மா இல்லை. தலைமை நீதிபதி அலுவலகம் இந்தச் சட்டத்துக்குள் வரும் என்று 2010-ல் டெல்லி உயர் நீதிமன்றம் சொன்னது. உச்ச நீதிமன்றத்தின் தகவல் அலுவலர், அதாவது நம்ம சாதி, அதை எதிர்த்து உச்ச நீதிமன்றத்திலேயே மேல்முறையீடு செய்தார். 2019 நவம்பர் 13 அன்று தீர்ப்பு வந்தது. வரும் என்றுதான் வந்தது; ஒன்பது ஆண்டு கழித்து. மனு முப்பது நாளில் தீர வேண்டிய சட்டம் இது என்பதை இடையிடையே நினைவுபடுத்திக்கொள், சிரிப்பு வரும்.

அந்த 25,000 ரூபாய் அபராதத்தை நினைத்துத்தான் புதிதாக வருபவர்கள் தூங்குவதில்லை. பிரதமரின் பட்டப் படிப்பு விவரத்தைக் கொடுக்கும்படி போட்ட ஆணைய உத்தரவை 2023 மார்ச் 31 அன்று குஜராத் உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. செய்துவிட்டு 25,000 ரூபாய் கட்டச் சொன்னது. யாரை? கேட்ட கேஜ்ரிவாலை. மறைத்தவருக்கு வைத்திருந்த உச்சகட்டத் தொகை அப்படியே கேட்டவர் தலையில் போய் விழுந்தது. நிம்மதியாகத் தூங்கு.

கேட்பவர்களுக்கு வேறு செலவுகளும் உண்டு. கிர் காட்டைச் சுற்றிச் சட்டவிரோதச் சுரங்கம் பற்றித் தோண்டிய அமித் ஜேத்வாவை 2010 ஜூலையில் குஜராத் உயர் நீதிமன்றத்துக்கு அருகிலேயே சுட்டுக் கொன்றார்கள். அம்பலப்படுத்துபவர்களைக் காக்க ஒரு சட்டம் 2014 மே மாதம் குடியரசுத் தலைவர் ஒப்புதல் பெற்றது. இன்னும் அமலுக்கு வரவில்லை. சட்டத்துக்கே பாதுகாப்பில்லை என்று பயந்து உள்ளே வைத்திருக்கிறார்கள் போலும்.

கொடுக்காமல் இருப்பது ஒரு பாதி. உலக மனித உரிமைப் பிரகடனம் 1948-லேயே 19-ஆம் பிரிவில் தகவலைத் தேடவும் பெறவும் பிறருக்குச் சொல்லவும் உரிமை என்று எழுதிவிட்டது. தேடுவதையும் பெறுவதையும் நம்மைப் போன்ற குமாஸ்தாக்கள் பார்த்துக்கொள்ளலாம். சொல்வதை நிறுத்த மேலிடம் வேண்டும். அது ஒயரை உருவும். காஷ்மீரில் 2019 ஆகஸ்டில் உருவினார்கள். முழு வேக இணையம் திரும்ப ஒன்றரை ஆண்டாயிற்று. இடையில் உச்ச நீதிமன்றம், காலவரையின்றி நிறுத்தக் கூடாது, உத்தரவுகளை வெளியிட வேண்டும் என்று அழகான தீர்ப்புக் கொடுத்தது. அதைப் படிக்க அங்கே இணையம் இல்லை. ராஜஸ்தானில் 2021-ல் ஆசிரியர் தேர்வில் பிட் அடிப்பதைத் தடுக்கப் பல மாவட்டங்களில் இணையத்தை நிறுத்தினார்கள். மஸ்டர் ரோல் கேட்ட அதே ராஜஸ்தான்.

நம்மூரை மறந்துவிடுவாயா? 2018 மே 22, தூத்துக்குடி. ஆலைப் புகையில் மூச்சு விட முடியவில்லை என்று கலெக்டர் அலுவலகத்துக்கு மக்கள் நடந்தார்கள். போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் பதின்மூன்று பேர் செத்தார்கள். மறுநாள் தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி மூன்று மாவட்டத்திலும் இணையம் நின்றது. வதந்தி பரவாமல் இருக்க என்றார்கள். பிணவறை வாசலில் மகளைத் தேடி நின்றவனுக்கு எது வதந்தி, எது செய்தி என்று அரசாங்கம்தான் பிரித்துக் கொடுக்க வேண்டும். அன்றைய முதலமைச்சர், தானே தொலைக்காட்சியைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டதாகச் சொன்னார். மூன்று மாவட்டத்துக்குத் தகவலை நிறுத்தியவர்களின் தலைவருக்கும் தகவல் இல்லை! எவ்வளவு சமத்துவம். அந்தப் பேச்சு தவறானது, உயர் அதிகாரிகள் அவருக்கு அவ்வப்போது சொல்லிக்கொண்டேதான் இருந்தார்கள் என்று நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையம் எழுதியது. அந்த அறிக்கை சட்டமன்றத்தில் வைக்கப்பட்டபோது 2022 அக்டோபர். சுட்ட துப்பாக்கிக்கு ஆன நேரம் சில நிமிடம். அதைச் சொல்ல ஆன நேரம் நான்கு ஆண்டுக்கு மேல். தம்பி, இந்தப் பத்தியை எழுதும்போது எனக்குக் கொஞ்சம் எழுத்து கோணியிருக்கிறது, கண்டுகொள்ளாதே. வயதாகிறது.

எல்லாவற்றையும்விட உயர்ந்த நிலை ஒன்று உண்டு: எண்ணாமலே இருந்துவிடுவது. ஊரடங்கில் நடந்தே செத்த புலம்பெயர் தொழிலாளர்கள் எத்தனை பேர் என்று 2020 செப்டம்பரில் நாடாளுமன்றத்தில் கேட்டார்கள். அப்படியொரு தரவு இல்லை என்று பதில். ஆக்சிஜன் இல்லாமல் செத்தவர்கள்? மாநிலங்கள் அப்படிக் குறிப்பிட்டுச் சொல்லவில்லை என்று பதில். வெள்ளைக்காரன் 1881-ல் ஆரம்பித்துப் பத்தாண்டுக்கு ஒருமுறை தவறாமல் நடந்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 2021-ல் நடக்கவில்லை. இல்லாத கோப்பை யார் கேட்டு என்ன செய்ய? நாமெல்லாம் எழுதி வைத்துவிட்டு மறைத்த பழைய தலைமுறை.

மேல்முறையீட்டுக்கும் பயப்படாதே. 2019-ல் சட்டத்தைத் திருத்தி, தகவல் ஆணையர்களின் ஐந்தாண்டுப் பதவிக் காலத்தையும் சம்பளத்தையும் மத்திய அரசே நிர்ணயிக்கும் என்று ஆக்கிவிட்டார்கள், இப்போது மூன்றாண்டு. மத்திய ஆணையமே பலமுறை தலைவர் இல்லாமல் மாதக்கணக்கில் நடந்திருக்கிறது. ஜார்க்கண்ட் ஆணையம் 2020 மே முதல் ஆண்டுக்கணக்கில் செயலற்றுக் கிடந்தது. காலி நாற்காலிக்கு யாரும் சம்மன் அனுப்ப முடியாது.

கடைசியாக, நான் ஓய்வு பெறும் நேரத்தில் உனக்கு மட்டும் கிடைத்திருக்கும் வரம். எட்டாவது பிரிவில் (ஜே) என்று ஓர் உட்பிரிவு. தனிநபர் தகவல் பற்றியது. முன்பெல்லாம், பொது நடவடிக்கையோடு சம்பந்தமில்லாத அந்தரங்கத்தைத்தான் மறுக்கலாம். நாடாளுமன்றத்துக்கு மறுக்க முடியாததைக் குடிமகனுக்கும் மறுக்கக் கூடாது என்று வேறு எழுதி வைத்திருந்தார்கள், என்ன அகம்பாவம். 2023-ல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அதையெல்லாம் அறுத்தெறிந்துவிட்டது. அந்தத் திருத்தம் 2025 நவம்பரில் அமலுக்கும் வந்துவிட்டது. இனி தனிநபர் தகவல் என்றால் கிடையாது, ஒரே வரி. பொதுநலன் பெரிதென்றால் கொடுக்கலாம் என்ற பிரிவு 8(2) அப்படியேதான் இருக்கிறது என்று அமைச்சர்கள் ஆறுதல் சொல்கிறார்கள். கொடுக்க‘லாம்’. பொதுநலனை எடை போடுகிற தராசு உன் மேசையில்தான் இருக்கும். இன்னொரு அழகும் பார்: தகவலை மறைத்தால் நாளொன்றுக்கு 250 ரூபாய். தரவைக் காக்கத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை. எண் ஒன்றுதான், அரசாங்கம் எதற்கு அஞ்சச் சொல்கிறது என்பதைப் பின்னால் வரும் சைபர்கள் சொல்லும்.

இதே அரசாங்கம்தான் அரிசி வாங்கக் கைரேகை கேட்கும், தம்பி. ரேகை தேய்ந்த கிழவியைக் கண்ணைத் திறக்கச் சொல்லிக் கருவியில் பார்க்கும். அவள் அந்தரங்கம் ரேஷன் கடை வாசலில் வரிசையில் நிற்கிறது. ஒப்பந்தக்காரர் அந்தரங்கம் நம் பீரோவில் ஏ.சி. போட்டுத் தூங்குகிறது.

மேசையில் பச்சை அட்டைக் கோப்பில் ஒரே ஒரு மனு பாக்கி. ஓர் அம்மாள் அனுப்பியது. யாரோ எழுதிக் கொடுத்து, கீழே கைநாட்டு. அவர் வீட்டில் கழிப்பறை கட்டியாயிற்று என்று கணக்கில் இருக்கிறதாம், பணமும் பட்டுவாடா ஆகிவிட்டதாம். வீட்டில் கழிப்பறை இல்லை. இன்னும் விடியுமுன் கருவேலங்காட்டுக்குத்தான் போகிறாராம். ஊரில் இப்படி யார் யார் பெயரில் கட்டியிருக்கிறார்கள், எந்த ஒப்பந்தக்காரர், பணம் யார் கணக்குக்குப் போயிற்று என்று பட்டியல் கேட்கிறார். பயனாளிகள் பெயர் தனிநபர் தகவல். ஒப்பந்தக்காரர் பெயர் தனிநபர் தகவல். வங்கிக் கணக்கு சொல்லவே வேண்டாம். அம்மாளின் சொந்தக் கழிப்பறை பற்றி மட்டும் தகவல் தரலாம். அது கட்டி முடிக்கப்பட்டுவிட்டது என்று பதிலில் குறிப்பிட்டிருக்கிறேன். புகைப்படமும் இணைத்திருக்கிறேன், யாருடையது என்று ஆராயாதே.

பதில் டைப் ஆகித் தயாராக இருக்கிறது. கையெழுத்து மட்டும் நீ போட வேண்டும். மனு வந்து பதினொரு நாள்தான் ஆகிறது. முப்பதாம் நாள் மாலை, தபால் கட்டும் நேரத்துக்குப் பிறகு, முன்தேதி முத்திரையோடு அனுப்பு.